முப்பதடிக் கருணை

ஆர்யாவைப் போற்றுவதற்காக ஆர்யாவின் வீட்டு மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்று எங்கள் ஊர் இளைஞர் மன்றம் தீர்மானித்தது. வாசகர் இதை இரண்டாம் முறை படிக்க வேண்டியதில்லை. வாக்கியம் சரியாகத்தான் இருக்கிறது. தீர்மானம்தான் அப்படி இருந்தது.

ஆர்யாவுக்கு ஏழு வயது. பிறவியிலேயே தசைகள் தளர்ந்துபோகும் நோய். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை. மூச்சை இழுக்கும் வலுத்தான் மார்புக்கு இல்லை. கழுத்தில் துளையிட்டுப் பொருத்திய குழாயின் வழியே வெண்டிலேட்டர் இரவும் பகலும் காற்றைச் செலுத்திக்கொண்டிருக்க வேண்டும். அது நின்றால் அவளும் நிற்பாள். இதன்பொருட்டுத் திருவனந்தபுரத்து மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவில், சன்னல் இல்லாத ஓர் அறையில், இரண்டு ஓணங்களை அவள் கழித்தாள்.

அந்தப் பிரிவின் தலைமை மருத்துவர் புஷ்பபாய் ஒருநாள் எங்களை அழைத்தார். எங்களை என்றால், மாநில எல்லையை ஒட்டிய பாறசாலைப் பகுதியில் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிச் சென்று பார்க்கும் பாலியேட்டிவ் குழுவை. தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றபின் அதன் செயலாளர் பொறுப்பு என்னிடம் வந்திருந்தது.

"இந்தக் கொச்சுக்கு ஆஸ்பத்திரி வேண்டாம் சாரே," என்றார் மருத்துவர், குழந்தையைக் காட்டி. "ஒரு மிஷின் வேணும், அதை அறிஞ்ச ஆளுக வேணும், கறண்டு வேணும். இது மூணும் வீட்டுல உண்டுண்ணா, இவ வீட்டுல வளரலாம். இங்க இவளுக்க கட்டில்ல வேற ஒரு கொச்சு பிழைக்கும்."

கருவி ஒரு நன்கொடையாளரிடமிருந்து வந்தது. அதுதான் எல்லாவற்றிலும் எளிதாக முடிந்த பகுதி. ஆர்யா வீட்டு மின்செருகித் துளையில் எறும்பு கூடு கட்டியது. ஆம்புலன்ஸ் திரும்புவதற்கு வழியில்லாமல் பக்கத்து வீட்டார் தம் மதிலை இடிக்க நேர்ந்தது. குழாயில் சேரும் சளியை உறிஞ்சி எடுக்கும் கருவியை யாராவது ஒருவர் எப்போதும் விழித்திருந்து இயக்க வேண்டும். தாய் லேகா, பாலராமபுரத்துச் சேலைக்கடை வேலையை விட்டாள். எங்கள் ஊரின் ஆஷா சுகாதாரப் பணியாளர் ரெஜிலா, சுற்றியுள்ள வீட்டுப் பெண்களை மருத்துவமனைக்கு அழைத்துப்போய்ப் பழக்கினாள். கருவி பழுதானால் கையால் அமுக்கிக் காற்றுக் கொடுக்கும் பையை அவர்கள் முதலில் தொடவே பயந்தார்கள். பிறகு தோசை சுடுவதைப் போல இயல்பாகச் செய்தார்கள். ஆர்யா வீட்டுக்கு வந்தபின் அவர்கள் முறைவைத்து வந்தார்கள். உண்மையில் அந்தத் திட்டம் என்பது அவர்கள்தாம்.

மருத்துவமனை நிர்வாகத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை. ஓணம் வரை சோதித்துப் பார்ப்போம், அதற்குள் குழந்தை மீண்டும் சேர்க்கப்பட்டால் இனி எந்தக் குழந்தையையும் இப்படி அனுப்புவதில்லை என்று அவர்கள் நிபந்தனை விதித்தார்கள். ஆர்யாவுக்குப் பின்னால் வரிசையில் லிஜோ இருந்தான். பொழியூர்க் கடற்கரையில் மீன்பிடிக்கும் சிலுவைதாசனின் மகன். அதே நோய், அதே சன்னல் இல்லாத அறை.

நிலைமை இவ்வாறிருக்க, மாசியில், எங்கள் அம்மன் கோயிலின் கும்ப மாதத்துத் திருவிழா வந்தது.

எங்கள் பக்கத்துத் திருவிழாக்களில் ஃப்ளோட்டு என்று ஒன்று உண்டு. லாரியின்மேல் இரும்புச் சட்டம் நிறுத்தி, தெர்மோகோல் உருவங்களைப் பொருத்தி, விளக்குகள் மின்ன, மேளத்தோடு ஊர்வலமாகக் கொண்டுவருவார்கள். ஊரின் இரு பாதிகளில், கிழக்குக்கரைக்காரர் ஒன்று கட்டினால் மேற்குக்கரைக்காரர் அதைவிட உயரமாக ஒன்று கட்ட வேண்டும். தாழ்ந்து தொங்கும் கேபிள்களைக் கவைக்கம்பால் தூக்கிவிடுவார்கள். மின்கம்பியை அப்படித் தூக்க முடியாது. ஆகவே ஊர்வலம் போகும் வழியெங்கும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அரைமணி நேரம் என்று சொல்வார்கள். ஒவ்வொரு முக்கிலும் லாரி நின்று மேளம் முழங்கும். கடந்த ஆண்டு மாலையில் போன மின்சாரம், ஊரார் இருட்டில் உண்டு முடித்தபிறகே வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. திருவிழா அல்லவா?

எங்கள் மேற்குக்கரை இளைஞர் மன்றத்தின் செயலாளர் சஜி, நண்பர்கள் இருவரோடு லட்டுப் பொட்டலத்தை ஏந்திக்கொண்டு லேகாவின் வீட்டுக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சிலுவைதாசனும் இருந்தார். மகன் வீட்டுக்கு வருமுன் சளி உறிஞ்சும் முறையைக் கற்றுக்கொள்வதற்காகப் பொழியூரிலிருந்து அவர் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார்.

"லேகாக்கா, ஒரு சந்தோஷச் செய்தி!" என்றான் சஜி. "இந்த வருஷம் நம்ம ஃப்ளோட்டு ஆர்யாக்க பேரிலயாக்கும். முப்பது அடியில ஒரு நர்ஸு. கையில கொச்சு. கொச்சுக்க கழுத்துல குழாயி. பின்னால வெண்டிலேட்டரு, லைட்டு மின்னும். கம்பி முழுக்க வெல்டு பண்ணினது யாருண்ணு நினைச்சீங்க? அஜேஷ் அண்ணனாக்கும்!"

லேகா தன் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அஜேஷ், வெட்கத்தோடு சிரித்தான்.

"சர்ப்ரைஸாக்கும்," என்றான்.

அவளும் சிரித்தாள். மகளின் பெயரில் ஊரே ஒரு காரியம் செய்கிறது என்றால் எந்தத் தாய்தான் சிரிக்கமாட்டாள்? பிறகு கேட்டாள்: "எந்த வழியா வருது?"

"இந்த வழியா தான். நம்ம நடையில நிப்பாட்டி, மாலை போட்டு, ஒரு மேளம் அடிச்சிட்டுப் போவோம்."

"அப்போ கறண்டு?"

சஜி லட்டுப் பொட்டலத்தை மேசைமேல் வைத்தான். "அதுக்கு எல்லாம் ஏற்பாடு உண்டு அக்கா. காலையில ஆம்புலன்ஸ் வரும். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரியில ஏசி ரூமு சொல்லியாச்சு. ஒரு நாளு கொச்சு சுகமா அங்க இருக்கட்டும். மன்றத்துக்க வகயாக்கும் எல்லாம்."

"கொச்சை அங்க அனுப்பிட்டு, இங்க நடையில யாருக்கு மாலை போடுவீங்க?"

சஜியோடு வந்தவர்களில் ஒருவன் சிரித்துவிட்டான். சஜி அவனை முறைத்தான்.

"அப்போ இங்கேயே இருக்கட்டும். பாட்டரி உண்டுல்லா? இன்வெர்ட்டரும் உண்டு. பின்ன என்ன?"

அதற்குமேல் என்னால் பொறுக்க இயலவில்லை. "பாட்டரி ஆபத்துக்கு உள்ளது, சஜி. கொண்டாட்டத்துக்கு உள்ளது இல்லே. காத்தும் மழையும் கறண்டைக் கொண்டுபோனா நாங்க சகிப்போம். நீங்க வேணும்ண்ணு கொண்டுபோவதை எதுக்கு சகிக்கணும்?"

"சாருக்கு பென்ஷன் உண்டு, நேரமும் உண்டு," என்றான் அவன். "எதுக்கெடுத்தாலும் ஒரு பாடம். நாங்க மூணு மாசமா உறங்காம செய்யியது இந்தக் கொச்சுக்காக்கும்."

"பொக்கத்தைக் குறைச்சா போதுமே," என்றார் சிலுவைதாசன், உயரத்தைக் கையால் தாழ்த்திக் காட்டி.

"நீங்க யாரு மாமா? கடப்புறத்துக்காரருக்கு எங்க உற்சவத்துல என்ன காரியம்?"

"எனக்கா? ஒரு காரியமும் இல்லே மக்கா. எனக்க பயலு அங்க கிடக்கியான். இந்தக் கொச்சு திரும்பிப் போனா, அவன் வெளிய வரமாட்டான். அவ்வளவு தான் காரியம்."

அவர்கள் போய்விட்டார்கள். லட்டுப் பொட்டலத்தை யாரும் பிரிக்கவில்லை.

அஜேஷுக்குக் கோபம் வந்தது, மனைவிமேல்தான் வந்தது. "ஸ்னேகத்தோட வந்தவனை இப்படியா பேசுகது? நீ ஒண்ணு நினைச்சுப்பாரு. இங்க முறைக்கு வாற பொம்பளைங்க யாரு? சஜிக்க அம்மை, அவனுக்க அத்தை, அந்தச் சிரிச்சவனுக்க சேச்சி. நாளைக்கு அவங்க எல்லாம் நிண்ணுட்டா, நீயும் சாரும் சேர்ந்தா பிள்ளையப் பார்ப்பீங்க?"

  அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. ஊராரின் அன்பின்மேல் நாங்கள் அந்தக் குழந்தையின் மூச்சைக் கட்டியிருந்தோம். அந்த அன்பை எதிர்த்துக்கொண்டு எதன்மேல் நிற்பது?

மருத்துவர் புஷ்பபாயைத் தொலைபேசியில் அழைத்தேன். அவர் முழுவதையும் கேட்டார். "அந்த ஏசி ரூமுல வெண்டிலேட்டர் கொச்சைப் பார்க்க அறிஞ்ச நர்ஸு உண்டா? இல்லே. பின்ன என்கிட்ட தான் கொண்டுவரணும். இங்க அந்தக் கட்டில்ல இப்போ வேற ஒரு கொச்சு. சாரே, ஊரோட சண்டை போடணும்ண்ணு நான் சொல்லமாட்டேன். ஆனா கொச்சு இங்க வந்தா ரீ-அட்மிஷன் எண்ணு தான் எழுதுவேன். கள்ளம் எழுத எனக்கு முடியாது."

மின்சார அலுவலகத்தின் ஓவர்சியர் சத்தியதாஸைப் போய்ப் பார்த்தேன். கடுமையாகப் பேசுவதற்கு ஆயத்தமாகவே போனேன். அவர் என்னை உட்காரவைத்து, மேசையைத் தட்டிச் சொன்னார்:

"முப்பது அடி இரும்பு லைனைத் தொட்டா, லாரில நிக்கிய பயலுவ கரிக்கட்டை ஆவானுவ. அதுக்கு நான் பதில் சொல்ல முடியுமா? பொக்கம் குறைஞ்சா நான் ஸ்விட்சுல கை வைக்கமாட்டேன். பொக்கம் குறையலண்ணா கை வைக்காம இருக்கமாட்டேன். இதுல என்கிட்ட கோபப்பட்டு என்ன சாரே?"

அவரிடம் கோபப்பட ஒன்றும் இல்லை. முடிவு மன்றத்தின் கையில் இருந்தது. மீண்டும் சஜியிடம் போனேன். கிழக்குக்கரைக்காரர் இருபத்தெட்டு அடியில் கட்டியிருப்பதாகவும், நோட்டீசில் 'முப்பதடிக் கருணை' என்று அச்சிட்டாயிற்று என்றும் அவன் சொன்னான். கருணைக்கு உயரம் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தேன். எங்கள் அம்மன் பூசாரியின் தலைச்சுமையாக எழுந்தருளுகிறாள். எந்தக் கம்பியும் அவளுக்குத் தடையாக இருந்ததில்லை. அவளுக்கு முன்னால் போகும் நம் பெருமைதான் கம்பியில் இடிக்கிறது. இதைச் சொன்னபோது மன்றத்தின் வாசலில் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

திருவிழா நாள் காலையில் ஆம்புலன்ஸ் வந்தது. லேகா அதைத் திருப்பி அனுப்பினாள். மாலையில் என்னையும் ரெஜிலாவையும் கூப்பிட்டாள்.

"ஆர்யாவைச் சக்கர நாற்காலியில இருத்தணும். மிஷினைக் கீழ வைக்கணும். நீளமான ஒரு எக்ஸ்டென்ஷன் வயரு வேணும்."

"எங்க கொண்டுபோவ?" என்று கேட்டாள் ரெஜிலா.

"ரோட்டுக்கு."

 ரெஜிலா, கையால் அமுக்கும் காற்றுப் பையையும் சளி உறிஞ்சும் கருவியையும் எடுத்துக்கொண்டாள். வெளியே வெயில் தாழ்ந்திருந்தது. பாட்டரி நிறைந்திருப்பதை அவள் சரிபார்த்தாள். குழந்தைக்கு வீட்டுக்குள் என்ன பாதுகாப்பு இருந்ததோ, அது அத்தனையும் சாலைக்கும் வந்தது. கூடுதலாக அங்கே சாட்சிகள் இருப்பார்கள். அதுதான் வேறுபாடு.

மேளச்சத்தம் பாறசாலைப் பக்கத்திலிருந்து நெருங்கியபோது, சாலையின் நடுவே, மின்கம்பிக்கு நேர் கீழே ஆர்யாவின் நாற்காலி நின்றது. அதிலிருந்து சிவப்பு வயர் ஒன்று சாலையைக் கடந்து வீட்டுக்குள் ஓடியது. நாற்காலியின் ஒருபுறம் லேகாவும் மறுபுறம் ரெஜிலாவும் நின்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்தேன். சிலுவைதாசன், உடுத்திருந்த வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். தனுவச்சபுரத்துக்குப் போகும் பேருந்து ஒன்று எங்களுக்குப் பின்னால் நின்று ஒலியெழுப்பியது; அதிலிருந்த கல்லூரிப் பிள்ளைகள் இறங்கி வந்து பார்த்தார்கள்.

வளைவில் ஃப்ளோட்டு தெரிந்தது. அது மின்கம்பிக்கு அடியில் வர வேண்டிய முதல் இடம் எங்கள் முக்குத்தான். வெள்ளுடை உடுத்த பேருருவம் ஒன்று மெல்ல அசைந்து வந்தது. அதன் கைகளில் ஒரு பெருங்குழந்தை. லாரியின்மேல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அஜேஷ் நின்றான்.

ஆர்யாவால் பேச முடியும். கருவி காற்றைச் செலுத்தும் இடைவெளிகளில், சிறுசிறு துண்டுகளாகப் பேசுவாள். அவள் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:

"அம்மா... அது... நானா?"

"ஆமா மக்களே."

"எனக்கு... மூக்கு... அவ்வளவு... பெரிசா?"

கல்லூரிப் பெண்கள் சிரித்தார்கள். லாரி நின்றது. சஜி இறங்கி ஓடிவந்தான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மாலை.

"அக்கா, என்ன இது? வழி மாறுங்க."

"மாறமாட்டேன்."

"கிழக்குக்கரைக்காரனுவ பின்னால வாறானுவ. பார்த்துச் சிரிப்பானுவ!"

"சிரிக்கட்டு."

"கொச்சை ரோட்டுல கொண்டு வச்சுப் பயம் காட்டுகதா? இது அம்மைக்க செயலா?"

"அம்மைக்க செயலு எதுண்ணு உனக்க அம்மைகிட்ட கேளு சஜி. இங்க ராத்திரி முழிச்சிருந்து இவளுக்குச் சளி எடுத்தது அவங்களாக்கும். நான் ஒண்ணும் காட்ட வரல்ல. நீங்க இவளைக் காட்டத் தான வாறீங்க? காட்டுங்க. கறண்டை நிறுத்திட்டு, இவளுக்க முன்னால நிண்ணு, இவளுக்கு மாலை போடுங்க. ஊரு பார்க்கட்டு."

கூட்டத்திலிருந்து ஒருவன் கத்தினான்: "எல்லாம் அந்த வாத்தியாருக்க வேலை!"

"இல்லே," என்றார் சிலுவைதாசன் திரும்பிப் பார்த்து. "அவரு இருக்கியாரு, நாங்க நிக்கியோம். நிக்கியவங்கள கேளு."

சத்தியதாஸ் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கினார். கையில் கைப்பேசி. நாற்காலியைப் பார்த்தார், வயரைப் பார்த்தார், அண்ணாந்து கம்பியைப் பார்த்தார். பிறகு சஜியின் அருகில் வந்தார்.

"நீ ஒரு வார்த்தை சொல்லு. நான் போன் பண்ணினா உடனே ஆஃப் ஆவும். இந்தா கொச்சு. இவளுக்க முன்னால நிண்ணு சொல்லு, லைனை ஆஃப் பண்ணுங்கண்ணு."

மேளக்காரர்கள் என்ன நடக்கிறது என்று அறியாமல் கோலைத் தாழ்த்தினார்கள். ஓசை அடங்கியது. அப்போதுதான் கருவியின் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. ஓர் இழுப்பு, ஒரு விடுப்பு. மூன்று மாதமாக அதன் உருவத்தைத் தெர்மோகோலில் செதுக்கியவர்களில் பெரும்பாலோர் அந்தச் சத்தத்தை அதுவரை கேட்டதில்லை.

சஜி வாயைத் திறந்தான். மூடினான். "சாரே, நீங்களாவது..." என்றான் என்னிடம். நான் எழவில்லை. கண்களில் நீர் மல்க நின்ற அவன்மேல் எனக்கு இரக்கம் வந்தது. ஆனால் எழவில்லை.

லாரியின்மேலிருந்து இரும்பு இரும்போடு உரசும் ஒலி கேட்டது. அஜேஷ் ஸ்பானரை எடுத்துக்கொண்டு சட்டத்தில் ஏறிக்கொண்டிருந்தான்.

"எலே அஜேஷ்! என்ன செய்யிய?" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

"இடுப்புல போல்ட்டு தான் போட்டிருக்கு. வெல்டு இல்லே."

"மூணு மாச வேலையாக்கும் அண்ணா!" என்றான் சஜி.

"எனக்க வேலை தான? எனக்குத் தெரியும்."

"கமிட்டி தீருமானிக்கணும்!"

"நீ இவளுக்க முன்னால வாயத் திறக்க முடியாம நிக்கிய. பின்ன எந்தக் கமிட்டி?" என்று கேட்டுவிட்டு, அவன் முதல் போல்ட்டைக் கழற்றினான்.

 மன்றத்து இளைஞர்களில் சிலரும் ஏறினார்கள். வேறு சிலர் சஜியோடு ஒதுங்கி நின்று, உரத்த குரலில் வைதார்கள். கயிறு கட்டி, பேருருவத்தின் மேற்பாதியைச் சாய்த்து இறக்கினார்கள். இறக்கும்போது ஒரு கை முறிந்தது. தெர்மோகோல் துகள் சாலையெங்கும் பறந்தது. அந்த மேற்பாதியைத் தோள்களில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். லாரியின்மேல் எஞ்சியவை வெள்ளுடையின் கீழ்ப்பகுதியும் மின்னும் பொய்க்கருவியும்தாம். லேகா நாற்காலியைச் சாலையின் ஓரத்துக்குத் தள்ளினாள். லாரி கம்பியைத் தொடாமல் கடந்தது.

கிழக்குக்கரைக்காரர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். அவர்களுடைய இருபத்தெட்டு அடி எங்கள் முக்குக்கு வந்தபோது, சத்தியதாஸ் கைகளை விரித்துக்கொண்டு முன்னால் நின்றார். "பொக்கம் குறைச்சிட்டு வா, இல்லண்ணா வயல் வழியா போ," என்றார். அவர்கள் வயல்வழியே போனார்கள். சிரிப்பும் அந்த வழியே போயிற்று. மின்விளக்கு ஒன்றும் அணையாமல், அந்தி வேளையில், அம்மன் எங்கள் வீதிவழியே எழுந்தருளினாள்.

இதனால் ஊர் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு மனமில்லை, அது உண்மையன்று. முறைக்கு வந்த பெண்களில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். கோயில் ஆலோசனைக் கூட்டத்தில் என்னைத் திருவிழாவைக் கெடுத்தவன் என்றார்கள். ரெஜிலா வேறு வீடுகளில் ஏறி இறங்கி, புதியவர்களைக் கூட்டி, தொடக்கத்திலிருந்து பழக்க வேண்டியிருந்தது. சஜியின் தாய் மட்டும் ஒருநாளும் தவறவில்லை. அவர் மகனைப் பற்றி எங்களிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஓணம் வந்தபோது ஆர்யா தன் வீட்டில் இருந்தாள். லிஜோ பொழியூருக்குப் போனான். மருத்துவர் புஷ்பபாய் அடுத்துச் செல்லவிருக்கும் குழந்தைகளின் வீடுகளைப் பார்த்துவரும்படி எங்களிடம் சொல்லியிருக்கிறார். அவற்றுள் ஒன்று ஊர்வலம் போகும் எங்கள் கோயில்வழியிலேயே இருக்கிறது.

சஜியைக் கடந்த வாரம் லேகாவின் வீட்டு நடையில் பார்த்தேன். தாயை அழைத்துப்போக வந்திருந்தான். உள்ளே வர மறுத்து, மோட்டார் சைக்கிளின்மேலேயே உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும், எனக்குக் கேட்க வேண்டும் என்றே, உரக்கச் சொன்னான்:

"அடுத்த வருஷம் நாப்பது அடியாக்கும். தீருமானிச்சாச்சு."

லேகா கையைத் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்தாள்.

"கட்டு, சஜி," என்றாள். "அடுத்த வருஷம் இந்த ரோட்டுல ஒரு கொச்சு இல்லே, ரெண்டு கொச்சு இருக்கும்."